ஃப்ரிட்ஜ் கேஸும் ஓசோனும்: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஃப்ரிட்ஜ், ஏ.சி. பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். படித்தது பி.எஸ்சி. வேதியியல், பிழைப்பு கம்ப்ரஸரோடு. பழுது நீக்கிய ஃப்ரிட்ஜுக்கு வேக்குவம் பம்பை மாட்டினால் அரை மணி நேரமாவது ஓட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்காரர்கள் ஏதாவது கேட்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் நோட்டோடு வந்து நிற்பார்கள். ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது? எழுதிவைத்துவிட்டேன்.

ஓசோனில் ஓட்டை விழுந்ததால்தானே சேலம் இப்படிக் கொதிக்கிறது?

இல்லை. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். இரண்டு சங்கதிகளையும் எல்லோரும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி ஒன்றாக்கிவிட்டார்கள்.

ஓசோன் தடுப்பது சூரியனின் புற ஊதாக் கதிரை. அந்தப் படலம் மெலிந்தால் தோலுக்கும் கண்ணுக்கும் பயிருக்கும் கேடு. வெயிலின் சூடு அதனால் ஏறாது. சொல்லப்போனால் ஓசோனே வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுதான். உயரத்தில் அது குறைந்ததால் பூமி கொஞ்சம் குளிரவே செய்தது. பூமி சூடாவது வேறு கணக்கு. பகலெல்லாம் வெயில் காய்ந்த தரை, அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதை வழியில் மறிப்பவைதான் பசுமை இல்ல வாயுக்கள்.

சேலத்துக்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கில் சேர்வராயன் என்று சுற்றிலும் மலை; நடுவில் நாம். கிண்ணத்துக்குள் காங்கிரீட்டும் தாரும் நிரம்பிவிட்டால் சித்திரை மாதம் இரவு பத்து மணிக்கும் மொட்டைமாடி சுடத்தான் செய்யும்.

ஓசோன் கதையிலும் வெப்பக் கதையிலும் வருகிற குற்றவாளி ஒருவர் உண்டு. என் பட்டறை மூலையில் வரிசையாக நிற்கும் கேஸ் சிலிண்டர்களைச் சொல்கிறேன். அவரிடம் பிறகு வருவோம்.

காற்றில் நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் அதிகம். அவை வெப்பத்தைப் பிடிக்காமல் கொஞ்சூண்டு கார்பன் டை ஆக்ஸைடு மட்டும் எப்படிப் பிடிக்கிறது?

நல்ல கேள்வி, கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பெண்.

தோளில் தண்டு வைத்து இரண்டு முனையிலும் குடம் கட்டித் தண்ணீர் சுமக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். தோள்தான் கார்பன், இரு குடங்களும் ஆக்சிஜன். நடக்கும்போது தண்டு வளைந்து வளைந்து நிமிரும். கார்பன் டை ஆக்ஸைடு மூலக்கூறும் அப்படித்தான் ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்கு ஒரு தாளம் உண்டு. அது ஏறக்குறைய 15 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரின் தாளம். தரையிலிருந்து கிளம்பும் வெப்பத்தில் கணிசமான பங்கு அந்த அலைநீளத்தை ஒட்டியே போகிறது. தண்டு வளையும்போது மூலக்கூறுக்குள் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்கிறது. கதிர் பிடிமானம் பெறுவது அந்தச் சாய்வில்தான்.

நைட்ரஜனில் ஒரே மாதிரி இரண்டு அணுக்கள். நீண்டாலும் குறுகினாலும் மின்னூட்டம் எந்தப் பக்கமும் சாயாது. கதிர் தொட்டுக்கொள்ள இடமில்லாமல் கடந்துபோய்விடுகிறது. ஆக்சிஜனும் அப்படியே.

இந்த வாயுக்களே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சுமார் 15 டிகிரியாக இருக்காது; மைனஸ் 18 ஆகியிருக்கும். ஆகவே அவை இருப்பதில் தவறில்லை, அளவு கூடியதுதான் தவறு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் கார்பன் டை ஆக்ஸைடு சுமார் 280 இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

சேலத்திலிருந்து மட்டும் என்ன வாயு மேலே போகிறது?

வண்டிப்புகையை விடுங்கள், எல்லா ஊரிலும் அது உண்டு. நம் ஊருக்கென்று தனியாகச் சில உண்டு.

முதலில் மேக்னசைட். ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும்போது இடதுபுறம் வெள்ளை வெள்ளையாகக் குன்றுகள் தெரியுமே, அது. ரயில் நிலையம் ஒன்றுக்கே மேக்னசைட் சந்திப்பு என்று பெயர். அந்தக் கல் மெக்னீசியம் கார்பனேட். மெக்னீசியம் நிறைந்த கரும்பாறைக்குள் தண்ணீரோடு கார்பன் டை ஆக்ஸைடு இறங்கி, வினைபுரிந்து, வெள்ளை நரம்புகளாக உறைந்தது. மனிதன் கேட்காமலேயே பூமி பூட்டிவைத்த கரி அது. உலை செங்கல் செய்வதற்காகச் சூளையில் அதைச் சுட்டால் பூட்டு திறந்துவிடுகிறது: மெக்னீசியம் ஆக்ஸைடு தங்கும், கார்பன் டை ஆக்ஸைடு பறக்கும். அணு எடையைப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ சுத்தமான மேக்னசைட்டைச் சுட்டால் கையில் கிடைப்பது 48 கிலோ. மீதி 52 கிலோ காற்றில். சூளைக்குப் போட்ட எரிபொருளின் புகையை நான் இதில் சேர்க்கவில்லை.

இரண்டாவது, ஜவ்வரிசி. மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவைப் பிரித்த பிறகு வெளியேறும் தண்ணீரில் மாவுச்சத்து கரைந்திருக்கும். ஆத்தூர் பக்கம் சேகோ ஆலை அருகே போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். குட்டையில் தேங்கினால் ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று, பாதிக்குப் பாதி மீத்தேனும் கார்பன் டை ஆக்ஸைடும் ஆக்கும். எடைக்கு எடை பார்த்தால் நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்ஸைடைப்போல 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். அதே தண்ணீரை மூடிய தொட்டியில் விட்டு, வருகிற வாயுவை எரித்து ஆலையை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். விறகுச் செலவு மிச்சம், நாற்றமும் இல்லை. இதை ஏன் எல்லோரும் செய்வதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மேட்டூர் அனல்மின் நிலையம் 1,440 மெகாவாட். நிலக்கரி எரிகிறது, சொல்ல வேறொன்றுமில்லை.

அதே மேட்டூரில் 2008 வரை அலுமினிய உருக்காலை ஓடியது. சேர்வராயன் உச்சியில் வெட்டிய பாக்சைட்தான் அதற்கு மூலப்பொருள்களில் ஒன்று. அலுமினியம் பிரிக்கும் மின்பகுப்புத் தொட்டியில் அலுமினா (பாக்சைட்டிலிருந்து எடுக்கும் அலுமினிய ஆக்ஸைடு) குறைந்துபோகும் நேரங்களில் மின்னழுத்தம் திடீரென எகிறும். அப்போது குழம்பிலுள்ள ஃபுளோரினும் கரி மின்முனையும் சேர்ந்து கார்பன் டெட்ராஃபுளோரைடு என்ற வாயு உண்டாகும். உலகில் எந்த அலுமினிய உருக்காலையிலும் நடப்பதுதான் இது. அந்த வாயுவைச் சிதைக்க வளிமண்டலத்தில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. அதன் ஆயுள் சுமார் 50,000 ஆண்டுகள்.

ஃப்ரியான் என்கிறார்களே, அது என்ன? அதில் நம்பர் எதற்கு?

1920-களில் ஃப்ரிட்ஜுக்குள் அம்மோனியாவும் கந்தக டை ஆக்ஸைடும் மெத்தில் குளோரைடும் ஓடின. கசிந்தால் வீட்டில் இருப்பவர்கள் உயிருக்கே ஆபத்து. 1928-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லியின் குழு, எரியாத, விஷமில்லாத, எதனோடும் வினைபுரியாத வாயுவைக் கண்டுபிடித்தது: குளோரோஃபுளோரோகார்பன். ஃப்ரியான் அதன் வணிகப் பெயர்.

நம்பருக்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது. என்னிடம் வேலை பழகுகிற பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பேன். எண்ணோடு 90-ஐக் கூட்டுங்கள். ஆர்-12 என்றால் 102. முதல் இலக்கம் கார்பன், ஒன்று. நடு இலக்கம் ஹைட்ரஜன், இல்லை. கடைசி ஃபுளோரின், இரண்டு. கார்பனுக்கு நான்கு கை. மிச்சமிருக்கிற இரண்டு கையில் குளோரின். ஆர்-22 என்றால் 112: ஹைட்ரஜன் ஒன்று, ஃபுளோரின் இரண்டு, மிச்சம் ஒரு கையில் குளோரின். ஆர்-32 என்றால் 122: மிச்சம் ஏதுமில்லை, குளோரின் கிடையாது. 400, 500, 600 வரிசை எண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; மற்றபடி சிலிண்டர் மேலே எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்தே அது ஓசோனைத் தின்னுமா என்று சொல்லிவிடலாம்.

இதிலும் சேலம் மாவட்டத்துக்குப் பங்குண்டு. இந்தியாவில் குளோரோஃபுளோரோகார்பன் தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்றின் ஆலை மேட்டூரில் இருந்தது. நான் தொழில் பழகிய காலத்தில் மெட்ரான் என்று பெயர் பொறித்த சிலிண்டர்கள் பட்டறைக்குப் பட்டறை நிற்கும்.

அந்த வாயு காற்றைவிடக் கனம் என்கிறீர்கள். பிறகு எப்படி அவ்வளவு உயரம் போகிறது?

ஆர்-12 காற்றைவிட நான்கு மடங்கு கனம், உண்மை. சிலிண்டரைத் திறந்தால் தரையோடு தவழும், அதுவும் உண்மை. ஆனால் வளிமண்டலம் அசையாத குளமல்ல. காற்று ஓயாமல் புரட்டிப் போடுகிறது. கனமானதும் லேசானதும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கனமானதெல்லாம் கீழே தங்கும் என்றால் ஆக்சிஜன் நம் காலடியிலும் நைட்ரஜன் தலைக்கு மேலும் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

கடல் உப்பிலும் குளோரின் உண்டே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது தண்ணீரில் கரையும். மழை கீழே கொண்டுவந்துவிடும். ஃப்ரியான் கரையாது, வினைபுரியாது, மழைக்கு மசியாது. வீட்டுக்குள் எதை அதன் குணம் என்று மெச்சினோமோ அதுவே மேலே போய் வினையானது.

ஒரே ஒரு குளோரின் அணு லட்சம் ஓசோனை அழிக்குமாமே?

அழிக்க முடியும். ஓசோன் என்பது மூன்று ஆக்சிஜன் அணுக்கள். பெரும்பகுதி 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு வந்துசேரும் ஃப்ரியானைக் கடுமையான புற ஊதாக் கதிர் தாக்கி, குளோரின் அணுவைப் பிய்த்தெடுக்கிறது. குளோரின், ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிடுங்கிக் குளோரின் மோனாக்ஸைடு ஆகிறது. அதைத் தனியாகத் திரியும் ஓர் ஆக்சிஜன் அணு சந்தித்தால், இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து போய்விட, குளோரின் மறுபடி தனியாள். அடுத்த ஓசோனைத் தேடிக் கிளம்பும். கடன் வாங்கி, அதைக் கைமாற்றிவிட்டு, கை சுத்தமாக அடுத்த வாசலில் போய் நிற்கிற ஆள் மாதிரி. மீத்தேனோடு சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடாகவோ, நைட்ரஜன் டை ஆக்ஸைடோடு சேர்ந்தோ அடங்கும்வரை இது ஓயாது.

இதை 1974-இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 1985-இல் அண்டார்டிகாவில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஓட்டையையே அளந்து காட்டினார்கள். 1987 செப்டம்பர் 16-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். 1995-இல் அவர்கள் இருவருக்கும் பால் குருட்சனுக்கும் வேதியியல் நோபல்.

ஓட்டை ஏன் அண்டார்டிகாவில்? நம் தலைக்கு மேல் எப்படி?

அங்கே குளிர்காலத்தில் மேல்காற்று மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போய், அந்த உயரத்திலும் மேகம் உண்டாகிறது. மேகத் துகள்களின் மேல் அடங்கிக் கிடந்த குளோரின் விடுபட்டு, வசந்தத்தில் வெயில் பட்டதும் ஒரேயடியாகப் பாய்கிறது. நம் தலைக்கு மேல் அந்த மேகம் கிடையாது, ஓட்டையும் கிடையாது.

ஆனால் நம் படலம் இயற்கையாகவே மெல்லியது. தலைக்கு மேலுள்ள ஓசோனையெல்லாம் தரை மட்டத்து அழுத்தத்துக்குக் கொண்டுவந்து பரப்பினால் எத்தனை மில்லிமீட்டர் வரும் என்பதுதான் அளவு. ஒரு மில்லிமீட்டருக்கு 100 டாப்சன் அலகு. உலகச் சராசரி சுமார் 300. கொடைக்கானலில் வானிலைத் துறை நெடுங்காலமாக அளந்துவருகிறது. நம் பக்கத்தில் 250, 270 என்று நிற்கும். இரண்டரை மில்லிமீட்டர்! ஓசோன் அதிகம் உற்பத்தியாவது வெப்பமண்டலத்தில்தான். மேல்காற்று அதைத் துருவம் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

ஏற்காட்டில் வெயிலே உறைக்கவில்லை. ஊர் திரும்பினால் முகம் கறுத்திருக்கிறது. ஏன்?

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காற்று எட்டு டிகிரி அளவுக்குக் குளிர்கிறது. ஆனால் புற ஊதாக் கதிர், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. மேலே காற்றும் தூசியும் குறைவு. உறைப்பு வேறு, புற ஊதா வேறு. காற்று ஜில்லென்று இருப்பதால் படகுத்துறையில் மதியம் முழுக்க நிற்கிறோம். தொப்பி போடுங்கள், மெல்லிய மேகம் புற ஊதாவை முழுதாகத் தடுக்காது.

துளசிச் செடி ஓசோனை வெளியிடுகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

எந்தச் செடியும் ஓசோனை வெளியிடுவதில்லை. துளசியை வேறு காரணங்களுக்காக வளருங்கள்.

ஓசோன் மூக்கருகே இருந்தால் நல்லதும் அல்ல. வண்டிப்புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் சேர்ந்து தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும். நுரையீரலை எரிக்கும், இலையைப் புள்ளி விழவைக்கும். அது மேலே ஏறி ஓட்டையை அடைக்கவும் போவதில்லை, அதற்குள் சிதைந்துவிடும்.

காப்பித் தோட்டத்துக்கு யூரியா போடுகிறோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இதைக் கேட்ட தோட்டக்காரர் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். சம்பந்தம் நிறையவே உண்டு. செடி எடுத்தது போக மிஞ்சும் நைட்ரஜனை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரஸ் ஆக்ஸைடாக மாற்றி விடுகின்றன. பல் மருத்துவமனையில் மயக்கத்துக்குக் கொடுக்கும் அதே வாயு. ஆயுள் நூறாண்டுக்கு மேல். வெப்பம் பிடிப்பதில் கார்பன் டை ஆக்ஸைடைப்போலச் சுமார் 270 மடங்கு. மேலே போனதும் ஒரு பகுதி நைட்ரிக் ஆக்ஸைடாகிக் குளோரினைப் போலவே ஓசோனைக் கொறிக்கிறது. இதைக் குருட்சன் 1970-இலேயே சொன்னார். ஃப்ரியான் நின்றுபோன பிறகு, இன்று வெளியேறுகிற வாயுக்களில் ஓசோனுக்கு மிகப் பெரிய எதிரி நைட்ரஸ் ஆக்ஸைடுதான் என்று 2009-இல் வளிமண்டல வேதியியலாளர் ரவிசங்கராவின் குழுவினர் காட்டினார்கள்.

மழை கொட்டும் நேரத்தில் மொத்தமாகப் போடாமல் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். உரக்காசும் மிச்சம்.

இப்போது வரும் ஏ.சி.யில் ஓசோனுக்குக் கேடில்லை என்று போட்டிருக்கிறார்களே, அப்புறம் என்ன?

அந்த ஸ்டிக்கர் பாதிக் கதை. ஆர்-22 போய் ஆர்-410ஏ வந்தது. குளோரின் இல்லை, ஓசோனுக்குப் பாதகமில்லை. ஆனால் வெப்பம் பிடிப்பதில் ஆர்-22 சுமார் 1,800 மடங்கு என்றால் ஆர்-410ஏ சுமார் 2,000 மடங்கு. கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிணைப்பு அகச்சிவப்பில் மிகவும் துடிப்பானது. அதுவும் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரை, மற்ற வாயுக்கள் திறந்துவிட்டிருக்கும் சன்னலிலேயே போய் நிற்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் நம்மவர். வீரபத்ரன் ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். படிப்பு முடிந்து செகந்திராபாத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் நிறுவனத்தில் வேலை. குளிர்வாயு ஏன் சீக்கிரம் கசிகிறது என்று பார்ப்பதுதான் பொறுப்பு. பின்னர் அமெரிக்கா போய், 1975-இல் அதே வாயு வெப்பத்தையும் பிடிக்கிறது என்று எழுதினார். நான் நாள் முழுக்கச் சோப்பு நுரையோடு தேடுவதையே அவரும் தேடியிருக்கிறார் என்று நினைக்க எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

2016-இல் ருவாண்டாவின் கிகாலியில், இந்தக் குளோரினில்லா வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க முடிவானது. இந்தியா 2028-இல் அளவை உறைய வைத்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். இன்று கடையில் வாங்கும் ஏ.சி.யில் பெரும்பாலும் ஆர்-32, சுமார் 675 மடங்கு. வீட்டு ஃப்ரிட்ஜில் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். அது நம் சமையல் கேஸுக்கு நெருங்கிய உறவு, வெப்பம் பிடிப்பது மிகக் குறைவு. தீப்பிடிக்கும் என்பதால் அளவும் ஐம்பது கிராம் சுற்றித்தான் போடுவார்கள்.

கேஸ் தீர்ந்துவிட்டது, வருடா வருடம் நிரப்ப வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். சரியா?

கேஸ் தீராது. பெட்ரோல் போல அது எரிவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்புகிறவர் உங்கள் பணத்தையும் ஆகாயத்தையும் சேர்த்து வீணாக்குகிறார்.

கசிவு இருக்கும் இடம் பெரும்பாலும் ஜாயின்ட். செம்புக் குழாயின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து தூசி ஒட்டியிருந்தால் அங்கே சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பேன். கடுகளவு குமிழ் ஒன்று மெதுவாக ஊதிப் பெருக்கும். பழைய நாளில் விளக்கு ஒன்று வைத்திருந்தோம். சுடரின் மேல் செம்புத் தகடு பழுத்து நிற்கும். குளோரின் உள்ள வாயு பட்டால் நீலச் சுடர் பச்சையாக மாறும். ஆர்-134ஏ வந்தபோது அந்த விளக்கு வேலை செய்யவில்லை என்று திட்டித் தீர்த்தேன். குளோரினே இல்லாத வாயுவிடம் பச்சையை எதிர்பார்த்தது என் தவறு, பி.எஸ்சி. படித்தவனுக்கு அது உறைக்க ஒரு வாரம் ஆனது.

அந்த நாளில் குழாயைச் சுத்தம் செய்யவே ஆர்-12-ஐப் பீய்ச்சி விட்டிருக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். எவ்வளவு விட்டேன் என்று கணக்குப் பார்க்கத் துணிவில்லை. ஒரு கிலோ ஆர்-22-க்கு மட்டும் பார்த்தேன்: 1,800 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும் என்று வைத்தால், ஏறக்குறைய 780 லிட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 580 தடவை போய்வரலாம்.

ஓசோன் சரியாகிவிட்டதா?

சரியாகிக்கொண்டிருக்கிறது. இந்தியா 2008 ஆகஸ்டில் குளோரோஃபுளோரோகார்பன் தயாரிப்பை நிறுத்தியது. ஆஸ்துமா இன்ஹேலருக்கு மட்டும் விலக்கு இருந்தது. புதிய சாதனங்களைச் செய்ய ஆர்-22 வகையைப் பயன்படுத்துவது 2025 தொடக்கத்தோடு முடிந்தது. ஆனால் ஆர்-12 காற்றில் நூறாண்டு தங்கும். அண்டார்டிகா 1980-ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது உலக வானிலை அமைப்பின் கணிப்பு. வடதுருவப் பகுதிக்கு 2045, உலகின் மற்ற பகுதிகளுக்கு 2040.

பழைய ஃப்ரிட்ஜைப் பழைய இரும்புக் கடையில் போட்டால்?

அவர் கட்டிங் பிளேயரால் குழாயை வெட்டுவார். உஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செம்பு தனி, இரும்பு தனி. ஆர்-134ஏ ஃப்ரிட்ஜ் என்றால் அந்தச் சத்தத்தின் விலை நூறு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடு. 90-களின் ஃப்ரிட்ஜ் என்றால் கதவுக்குள் இருக்கும் நுரைப்பஞ்சிலும் ஆர்-11 அடைபட்டிருக்கலாம். உடைத்து எரித்தால் அதுவும் போகும்.

போடுவதற்கு முன் மீட்பு இயந்திரம் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாயுவை உறிஞ்சிக் காலி சிலிண்டரில் அடைத்துவிடலாம். அரை மணி வேலை. சிலிண்டரை முன்னும் பின்னும் தராசில் வைக்கச் சொல்லி, எத்தனை கிராம் ஏறியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.